தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து, பி12: எதை எப்போது உட்கொள்வது?

கேள்வி (காரைக்குடியிலிருந்து ஓர் ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. தைராய்டு சுரப்புக் குறைவுக்காகச் சில ஆண்டுகளாகத் தைராக்சின் 75 மைக்ரோகிராம் மாத்திரை உட்கொண்டு வருகிறேன். சென்ற ஆண்டு வரை டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் உயரும் ஹார்மோன்) அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிலையாக இருந்தது. இந்த ஆண்டின் தொடக்கத்தில் கடுமையான அசதியும் முடி உதிர்வும் ஏற்பட்டதால் இரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் 9.6, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7, பி12 158, வைட்டமின் டி 13 என்று வந்தன. அதன்பின் இரும்புச்சத்து மாத்திரையும், சுண்ணாம்புச்சத்து மாத்திரையும், வாரம் ஒரு முறை 60,000 அலகு வைட்டமின் டி மாத்திரையும் தொடங்கினார்கள். முடி உதிர்வுக்காகக் கடையில் கிடைக்கும் பயோட்டின் மாத்திரையையும் உடன் பணிபுரிபவர் ஒருவர் சொல்லி எடுத்து வருகிறேன்.

நான்கு மாதங்கள் கழித்துப் பார்த்தால் டி.எஸ்.எச். 7.8 ஆக உயர்ந்திருக்கிறது, இரத்தத்திலுள்ள தைராக்சினின் அளவைக் காட்டும் எஃப்.டி.4 இயல்பு வரம்பின் அடிப்பகுதியில் இருக்கிறது, ஹீமோகுளோபினோ 9.9 மட்டுமே. சிகிச்சை அளிக்கும் மருத்துவர் தைராக்சினை 100 மைக்ரோகிராமாக உயர்த்தலாம் என்கிறார். சென்னையில் மருத்துவராக இருக்கும் உறவினர் ஒருவர், முதலில் இரும்புச்சத்தைச் சரிசெய்துவிட்டு அதன் பிறகு அளவைப் பார்க்கலாம் என்கிறார். இருவர் கூற்றிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

என் அன்றாட ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். காலை 5 மணிக்கு எழுந்ததும் தைராய்டு மாத்திரை. கால் மணி நேரத்தில் காபி. ஏழரை மணிக்குப் பலகாரம் முடிந்ததும் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, பயோட்டின் மூன்றும் சேர்த்து. பிரித்து வைத்தால் பள்ளிக்குப் போகும் அவசரத்தில் விட்டுப்போகிறது. இரும்புச்சத்து மாத்திரையால் வயிறு எரிவதால் பேன்டோப்ரசோல் மாத்திரையும் காலையில் உண்டு. எங்கள் வீட்டில் சைவ உணவுதான். மாதவிலக்கின்போது உதிரப்போக்கு அதிகம். அம்மாவுக்கும் தைராய்டு உண்டு; அப்பத்தாவுக்குச் சோகைக்காக மாதந்தோறும் ஊசி போட்டதாகச் சொல்வார்கள், என்ன ஊசி என்பது யாருக்கும் நினைவில்லை.

எதை முதலில் சரிசெய்வது, எந்த மாத்திரைக்கும் எந்த மாத்திரைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


பதில் 1 (தேவகோட்டை, ஓய்வுபெற்ற மருந்தாளுநர்)

அம்மா, உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி உங்கள் காலை ஒழுங்கிலேயே இருக்கிறது. அதே 75 மைக்ரோகிராமில் டி.எஸ்.எச். பல காலம் சரியாக இருந்து, இரும்பும் சுண்ணாம்பும் தொடங்கிய பிறகு உயர்ந்திருக்கிறது என்றால், சுரப்பி மேலும் தளர்ந்துவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன், விழுங்கிய மருந்து முழுமையாக உடலில் சேர்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

தைராக்சின் சிறுகுடலில் உறிஞ்சப்படும் மருந்து. வெறும் வயிற்றில் உட்கொண்டால்கூட 60 முதல் 80 விழுக்காடுதான் இரத்தத்தில் சேரும். இரும்பும் சுண்ணாம்பும் அதனுடன் குடலில் ஒட்டிக்கொண்டு, கரையாத சேர்மமாக மாறி, மலத்தோடு வெளியேறச் செய்துவிடுகின்றன. 1992-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நிலையான அளவில் தைராக்சின் எடுத்துவந்த 14 பேருக்கு அதனுடன் இரும்பு சல்ஃபேட்டைச் சேர்த்துக் கொடுத்தபோது, 12 வாரங்களில் சராசரி டி.எஸ்.எச். 1.6-இலிருந்து 5.4-ஆக உயர்ந்தது. உங்கள் கதையும் ஏறத்தாழ அதே பாதையில்தான் போயிருக்கிறது. நீங்கள் இரண்டையும் சேர்த்து விழுங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் 5 மணிக்கும் ஏழரைக்கும் இடையே இரண்டரை மணி நேரமே இருக்கிறது. தைராக்சினுக்கும் இரும்பு, சுண்ணாம்பு மாத்திரைகளுக்கும் நடுவே 4 மணி நேரம் இருக்க வேண்டும் என்பதே வழக்கமான அறிவுரை.

காபி இரண்டாவது காரணம். மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டுக் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. டிகாக்ஷனும் பாலும் இறங்கும் நேரத்தில் மாத்திரை இன்னும் வயிற்றைக் கடந்திருக்காது. நம் ஊரில் எழுந்தவுடன் காபி இல்லாமல் பொழுது விடியாது என்பதை அறிவேன். மருந்துக்கடையில் நின்ற காலம் முழுவதும் நான் தோற்ற வாதம் இது ஒன்றுதான்.

இரும்பையும் சுண்ணாம்பையும் ஒரே வேளையில் போடுவதிலும் பயன் குறைவு, ஏனெனில் சுண்ணாம்பு இரும்பின் உறிஞ்சலையும் தடுக்கும். பள்ளியில் 11 மணி அளவில் இடைவேளை இருக்குமானால், எலுமிச்சைச் சாற்றுடனோ வெறும் தண்ணீருடனோ இரும்பு மாத்திரையை அப்போது உட்கொள்ளலாம். அதை ஒட்டித் தேநீரும் காபியும் வேண்டாம். சுண்ணாம்பு மாத்திரையை இரவு உணவுடன் வைத்துக்கொள்ளலாம். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. விடுமுறை நாளில் நெய்யோ எண்ணெயோ சேர்ந்த மதிய உணவுக்குப் பிறகு எடுப்பது நல்லது. அந்த 60,000 அலகு மாத்திரை பொதுவாக 8 வாரங்களுக்கு எழுதப்படுவது. நான்கு மாதமாகியும் வாரந்தோறும் தொடர்கிறீர்கள் என்றால் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள். அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்பு கூடிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தைராக்சின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் வெளிச்சத்துக்கும் வீரியம் இழக்கும். அடுப்பங்கரை அலமாரியில் புட்டியை வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் அதிகம். சித்திரை, வைகாசி வெயிலில் அதைப் பழைய வீடுகளின் உள்கட்டில், குளிர்ந்த இடத்தில், வந்த புட்டியிலேயே மூடி வையுங்கள். ஒரு நிறுவனத்தின் மாத்திரை ஒத்துப்போனால் மாதத்துக்கு ஒன்றாக மாற்றவும் வேண்டாம்.


பதில் 2 (பொன்னமராவதி)

எனக்குத் தெரிந்த வகையில், தைராய்டு சுரப்பி ஹார்மோனை உண்டாக்குவதற்கே இரும்புச்சத்து தேவைப்படுகிறது. ஆகவே இரும்பு நிரம்பினால் சுரப்பி தானாக வேலை செய்யத் தொடங்கிவிடும். அதுவரை தைராக்சினை நிறுத்திவைத்து, கவுனி அரிசி, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் ஆகியவற்றை நாள்தோறும் உண்டு வரலாம். எங்கள் குடும்பத்தில் ஒருவர் அப்படித்தான் தேறினார்.


பதில் 3 (சிவகங்கை, பொது மருத்துவர்)

மேலே உள்ள பதிலின் முதல் வரி சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. தைராய்டு பெராக்சிடேஸ் என்னும் நொதி இரும்பைக் கொண்டே இயங்குகிறது என்பதும், இரும்புக் குறைவு சுரப்பியின் உற்பத்தியைத் தளர்த்தும் என்பதும் உண்மை. ஆனால் பல ஆண்டுகளாகத் தைராக்சினை நம்பி இருப்பவருக்குப் பெரும்பாலும் சுரப்பியின் திசுவே நோய் எதிர்ப்பாற்றலால் சிதைக்கப்பட்டிருக்கும். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்த நோய் அது. சிதைந்த திசுவை இரும்பு மீட்டுத் தராது. தைராக்சினை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உதிரப்போக்கு இன்னும் கூடும், ஏனெனில் தைராய்டு குறைவே மாதவிலக்கை மிகுவிக்கும் காரணங்களுள் ஒன்று. உதிரம் போகப் போக இரும்பு குறையும். இந்த அம்மையாரின் இரு குறைகளும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருக்கக் கூடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மருத்துவம் செய்ய வேண்டும்.

உணவைப் பற்றி ஒரு சொல். கவுனி அரிசியும் முருங்கைக்கீரையும் நல்ல உணவுகள்தான். ஆனால் தாவர உணவிலுள்ள இரும்பில் சிறு பங்கே உறிஞ்சப்படும். தீட்டாத தானியங்களில் இருக்கும் ஃபைட்டேட் அதையும் குறைக்கும். அசைவம் உண்பவர்கள் கறிக்கடையில் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) கேட்டு வாங்குவதில் பொருள் உண்டு, அதிலுள்ள இரும்பு எளிதில் சேரும் வகையைச் சேர்ந்தது. உங்கள் வீட்டில் அது இயலாது. பி12 தாவர உணவில் இல்லை என்றே சொல்லலாம். பால், தயிர், மோர் வழியாக ஓரளவு கிடைக்கும். ஃபெரிட்டின் 7 என்னும் நிலையை உணவால் மட்டும் நிரப்ப முடியாது. ஃபெரிட்டின் என்பது பத்தாயத்து நெல். அது தீர்ந்த பின்னும் சில காலம் உலை கொதிக்கும், ஹீமோகுளோபின் குறைவது அதற்குப் பிறகுதான். எனவே ஹீமோகுளோபின் இயல்புக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்தாமல், மேலும் ஏறத்தாழ 3 மாதம் தொடர்ந்து இருப்பையும் நிரப்ப வேண்டும். கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

நான்கு மாதம் இரும்பு எடுத்தும் 9.6-இலிருந்து 9.9-க்கு மட்டுமே வந்திருப்பதுதான் என் கண்ணில் முதலில் படுகிறது. ஒழுங்காகச் சேர்ந்திருந்தால் முதல் மாதத்திலேயே 1 கிராமாவது உயர்ந்திருக்க வேண்டும். உயராமல் போனதற்கு உதிரப்போக்கு ஒரு காரணமாக இருக்கலாம்; மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, கருப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் மூலம் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புடன் சேர்த்து உட்கொண்டது இன்னொன்று. பேன்டோப்ரசோல் மூன்றாவது: வயிற்று அமிலம் குறைந்தால் இரும்பு, பி12, தைராக்சின் மூன்றின் உறிஞ்சலும் குறைகிறது. இரும்பு மாத்திரையின் எரிச்சலுக்காக அந்த மாத்திரையைத் தொடங்கி, அதனாலேயே இரும்பு சேராமல் போவது வெளிநோயாளர் பிரிவில் அடிக்கடி காணும் காட்சி. எரிச்சல் தாங்கவில்லை என்றால் இரும்பை ஒன்றுவிட்டொரு நாள் எடுங்கள். ஒரு வேளை இரும்பு சென்றதும் கல்லீரல் ஹெப்சிடின் என்னும் பொருளைச் சுரந்து அடுத்த 24 மணி நேரத்துக்குக் குடலின் கதவை ஓரளவு சாத்திவிடுகிறது. ஒரு நாள் இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் பங்கு சேரும், வயிற்றுத் தொல்லையும் குறையும். அதுவும் ஒத்துவராவிட்டால் இரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றும் முறை இருக்கிறது. மலம் கறுத்துப் போவது இயல்பு, அஞ்ச வேண்டாம்.

இனி பி12. உங்கள் பட்டியலில் அதற்கு மருந்தே இல்லை என்பதைக் கவனித்தேன். 158 பிகோகிராம் என்பது தெளிவான குறைவு. நம் நாட்டில் விற்கும் இரும்பு மாத்திரைகள் பலவற்றில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கும். பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் சென்றால் சோகை தேறுவதுபோல் தோன்றும். ஆனால் கால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம் போன்ற நரம்புச் சேதம் உள்ளே தொடரும். அதனால் பி12 சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. இரும்புக் குறைவு சிவப்பணுக்களைச் சிறிதாக்கும், பி12 குறைவு பெரிதாக்கும். இரண்டும் ஒருவரிடமே இருந்தால் சராசரி அளவான எம்.சி.வி. இயல்பாகக் காட்டி ஏமாற்றும். உங்கள் அறிக்கையில், சிவப்பணுக்களின் அளவு வேறுபாட்டைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. என்னும் எண் உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பயோட்டினை நிறுத்திவிடுங்கள். உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான். முடிக்கென விற்கும் மாத்திரைகள் சிலவற்றில் 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. ஆய்வகக் கருவிகள் பலவற்றில் பயோட்டினைக் கொண்டே ஹார்மோன் அளவிடப்படுவதால், இரத்தத்தில் அது மிகுந்திருந்தால் டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும் எஃப்.டி.4 உண்மையைவிட அதிகமாகவும் காட்டக்கூடும். உங்கள் உண்மையான டி.எஸ்.எச். 7.8-ஐவிடக் கூடுதலாகவும் இருக்கலாம் என்பது இதன் பொருள். சோதனைக்கு முன் குறைந்தது 2 நாளாவது அதை விட்டிருக்க வேண்டும். முடி உதிர்வுக்கு இரும்புக் குறைவும் தைராய்டுக் குறைவுமே போதுமான காரணங்கள்.

அளவை உயர்த்துவதா என்பதற்கு வருகிறேன். உங்கள் மருத்துவர் சொன்னது தவறான வழி அல்ல. ஆயினும் இடைவெளியைச் சரிசெய்வதையும் அளவை உயர்த்துவதையும் ஒரே நேரத்தில் செய்தால், இரண்டு மாதத்தில் மருந்து மிகுந்துபோய்ப் படபடப்பும் தூக்கமின்மையும் வரலாம். சோகையால் ஏற்கெனவே விரைந்து துடிக்கும் இதயத்துக்கு அது கூடுதல் சுமை. கருவுற்றிருந்தாலோ கருவுறத் திட்டமிட்டிருந்தாலோ டி.எஸ்.எச். 10-ஐக் கடந்திருந்தாலோ காத்திருக்கக் கூடாது, உயர்த்தியே ஆக வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால், 75-இலேயே நின்று, பயோட்டினை விட்டு, நேரங்களைப் பிரித்து, 6 முதல் 8 வாரம் கழித்துச் சோதிப்பதைத்தான் நான் விரும்புவேன். தைராக்சினின் அரை ஆயுள் ஏறத்தாழ 7 நாள் என்பதால் அதற்கு முன் எடுக்கும் சோதனை முழு உண்மையைச் சொல்லாது. இந்தக் காரணங்களை எழுதி எடுத்துச் சென்று உங்கள் மருத்துவரிடமே காட்டி முடிவு செய்யுங்கள். மாத்திரை நேரங்களை அவர் கேட்டிருக்க வாய்ப்பில்லாமல் போயிருக்கலாம்.


பதில் 4 (கானாடுகாத்தான்)

டாக்டர் எழுதியதோடு, அந்த அப்பத்தாவின் ஊசியையும் யாராவது கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்கும் தைராய்டு, இரும்பு, பி12 மூன்றும் சேர்ந்தே குறைந்திருந்தன. சைவ உணவுதான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதே அடுப்பில் அதே உணவை உண்ணும் என் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் பி12 அவ்வளவு குறையவில்லை. பிறகு குடல்நோய் மருத்துவர் எண்டோஸ்கோபி செய்து, இரைப்பையின் உட்சுவர் மெலிந்திருப்பதைக் கண்டறிந்தார். தைராய்டைத் தாக்கும் அதே வகை எதிர்ப்பாற்றல் சிலருக்கு இரைப்பைச் செல்களையும் தாக்குமாம். அமிலம் சுரக்காததால் இரும்பு சேரவில்லை. பி12-ஐக் குடலுக்குள் அழைத்துச் செல்லும் புரதமும் சுரக்கவில்லை. தைராக்சின்கூட எனக்கு எடைக்குரிய அளவைவிடக் கூடுதலாகத் தேவைப்பட்டது அதனால்தான் என்றார். இப்போது பி12 ஊசியாகவே போட்டுக்கொள்கிறேன்.

காலையில் காபியை விட முடியாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இரவு உணவை ஏழரைக்குள் முடித்துவிட்டு, பத்தரை மணிக்குப் படுக்கும்போது தைராக்சினை எடுப்பது. மூன்று மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் இரவில் எடுத்தவர்களுக்கு டி.எஸ்.எச். கட்டுப்பாடு இன்னும் நன்றாக இருந்ததாக என் மருத்துவர் சொன்னார். ஆனால் இந்த வழிக்கு வந்தால் சுண்ணாம்பு மாத்திரையை இரவிலிருந்து மதியத்துக்கு மாற்றிவிட வேண்டும். மதியத்துக்கு மாற்றும்போது 11 மணி இரும்புடன் அது நெருங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். விசேஷ வீடுகளில் இரவுப் பந்தி பத்து மணிக்குப் போடும் நாள்களில் மட்டும் எனக்கு இது தடுமாறுகிறது.


கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஆர்.டி.டபிள்யூ. 19 என்று இருக்கிறது; எம்.சி.வி. 84, அதனால்தான் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை போலும். காபியைவிட இரவு மாத்திரையே எனக்கு எளிது என்று தோன்றுகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். வயிற்றுப் பிரச்சினை இருக்கிறதா என்று அறிய நேரே எண்டோஸ்கோபிதான் செய்ய வேண்டுமா? மேலும், தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியுடன் பழனிக்கு நடப்பவர்களோடு இந்த முறை நானும் செல்வதாக வேண்டுதல் இருக்கிறது. வழியில் உணவு நேரமும் உறக்க நேரமும் நம் கையில் இராது. மாத்திரைகளை என்ன செய்வது?


பதில் 5 (சிவகங்கை, பொது மருத்துவர்)

ஆர்.டி.டபிள்யூ. 19 என்பது இரு குறைகளும் சேர்ந்திருப்பதற்கு நன்கு பொருந்துகிறது. எண்டோஸ்கோபிக்கு முன் இரத்தத்திலேயே சில சோதனைகள் செய்யலாம்: தைராய்டுக்கு எதிரான டி.பி.ஓ. எதிர்ப்பொருள், இரைப்பைச் செல்லுக்கு எதிரான எதிர்ப்பொருள், பி12-ஐக் குடலில் சேர்க்கும் புரதமான இன்ட்ரின்சிக் ஃபேக்டருக்கு எதிரான எதிர்ப்பொருள். ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் பார்க்கலாம். அதற்கு இரண்டு வாரம் முன்பாகவே, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, பேன்டோப்ரசோலை நிறுத்தியிருக்க வேண்டும். கோதுமையால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கும் ஓர் இரத்தப் பரிசோதனை உண்டு, தைராய்டு உள்ளவர்களிடம் அது சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. இவற்றில் ஏதாவது மாறுபட்டால் எண்டோஸ்கோபி. அப்பத்தாவுக்குப் போட்டது பி12 ஊசியாக இருந்திருக்கக்கூடும் என்ற ஐயத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நடைப்பயணத்தைப் பொறுத்தவரை தைராக்சின் உங்களுக்குப் பெரிய தொல்லை தராது. நீண்ட அரை ஆயுள் உள்ள மருந்து என்பதால், நேரம் சில மணி முன்பின்னாக மாறினாலும் கெடுதல் இல்லை. விடியுமுன் புறப்படும் வழக்கமாதலால், எழுந்தவுடன் தண்ணீரில் விழுங்கிவிட்டு நடக்கத் தொடங்கலாம். வழியில் தரும் காபியும் கஞ்சியும் அரை மணி நேரத்துக்குப் பின் வந்தால் போதும். இரும்பையும் சுண்ணாம்பையும் அந்த நாள்களில் விட்டுவிட்டாலும் பாதகமில்லை, திரும்பி வந்து தொடரலாம். தைராக்சினை மட்டும் விடாதீர்கள்.

எனக்குக் கவலை தருவது ஹீமோகுளோபின்தான். 9.9-உடன் நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்தால் மூச்சு வாங்கும், மயக்கம் வரும். மார்கழித் தொடக்கத்தில் ஒரு முறை ஹீமோகுளோபினைப் பாருங்கள். 11-ஐ நெருங்கியிருந்தால் உங்கள் மருத்துவரின் ஒப்புதலோடு செல்லலாம். நெருங்கவில்லையென்றால், இரத்தக்குழாய் வழி இரும்பு ஏற்றுவது பற்றி அப்போதே பேசிவிடுங்கள், ஏனெனில் ஏற்றிய பிறகு ஹீமோகுளோபின் உயரச் சில வாரங்கள் பிடிக்கும்.